கண்ணாடிக் கடைக்காரர் கேட்ட விலை

ஜனவரி 6

தம்பிக்கு,

பொடிசு இனிமேல் என் கடைக்கு வரமாட்டாளாம். விடுமுறை முடிந்து நேற்றுக் காலை பேருந்தில் ஏற்றிவிட்டேன். வண்டி நகரும்போது ஜன்னல் வழியாகத் தலையை நீட்டி இதைச் சொன்னாள். நான் "என்னடி?" என்பதற்குள் வண்டி திரும்பிவிட்டது. பெற்ற மகள் என்னிடம் கடைசியாகச் சொன்ன வார்த்தை அது.

போனிலேயே கேட்டிருக்கலாம். ஆனால் போனில் நான் ஒன்று சொன்னால், "உன் உணர்வு எனக்குப் புரியுதுக்கா" என்கிறாய். எனக்கு ஆத்திரம் வந்து வைத்துவிடுகிறேன். கடிதத்தில் நீ குறுக்கே புகுந்து புரிந்துகொள்ள முடியாது.

இது உன்னால் வந்த வினை. பள்ளிக்கூடத்தின் கடைசி வருஷப் பிள்ளைகளை உட்காரவைத்து "உன்னை நீயே பார்" என்று ஒரு வகுப்பு நடத்துகிறாயே, அதில் நீ கொடுத்த விடுமுறை வேலை. வீட்டில் பெரியவர்கள் வேலைக்குப் போகும்போது கூடப் போக வேண்டும், எதைச் செய்யும்போது நேரம் போனது தெரியவில்லையோ அதைக் கவனித்துக்கொண்டு வர வேண்டும். அவள் கூட வருகிறேன் என்றாள். எனக்கும் உள்ளூரச் சந்தோஷம்தான். பதினேழு வருஷமாக என் சாப்பாட்டைச் சாப்பிடுகிறவள், அது எங்கிருந்து வருகிறதென்று ஒருநாள் பார்க்கட்டும்.

என் தொழில் உனக்குத் தெரியும். மூடுகிற கடைக்குப் போய் அலமாரி, கண்ணாடிப் பெட்டி, தராசு, நாற்காலி, விளக்கு எல்லாவற்றையும் மொத்தமாக வாங்குவேன். புதிதாகக் கடை திறக்கிறவனுக்குப் பெயின்ட் அடித்து விற்பேன். அன்றைக்குப் போனது ஒரு மூக்குக்கண்ணாடிக் கடை. எதிரே பெரிய கடை வந்து, மெஷின் வைத்து, நீ டீ குடித்து முடிப்பதற்குள் கண்ணாடி தயார் என்கிறான். இந்தப் பெரியவர் எத்தனை நாள் தாக்குப்பிடிப்பார்? மொத்தத்துக்கும் அறுபதாயிரம் கேட்டார். விலை குறையாது என்றார். மூடுகிறவர்கள் எல்லாரும் முதலில் அப்படித்தான் சொல்வார்கள்.

நான் முன்பக்கம் அலமாரிகளை அளந்துகொண்டிருந்தேன். பொடிசு அவரோடு பின்னறைக்குப் போனாள், கண் சோதிக்கிற அறை. போனவள் போனவள்தான். நான் அளந்து முடித்து, டீ வாங்கிக் குடித்து, பக்கத்துக் கடைக்காரனிடம் வம்பளந்தும் ஆயிற்று. வெளியே வந்தபோது பெரியவரின் கண் சிவந்து, ஈரமாக இருந்தது. "நீங்க சொல்றதையே குடுங்கம்மா" என்றார். முப்பத்தெட்டு என்றேன். தலையாட்டிவிட்டார்.

இருபத்தைந்து வருஷமாக இந்தத் தொழிலில் இருக்கிறேன். ஒரு வார்த்தை பேரம் பேசாமல் இப்படி இறங்கிவந்த ஆளை நான் பார்த்ததில்லை. வண்டியில் வரும்போது "அவர்கிட்ட என்னடி சொன்ன?" என்று கேட்டேன். "ஒண்ணும் சொல்லலை" என்றாள். அதுதான் வித்தை. நான் பேசித்தான் குறைக்கிறேன், இவள் பேசாமலே குறைக்கிறாள். எனக்குப் பிறகு கடை யாருக்கு என்ற கவலை அன்றோடு விட்டது.

அப்புறம் ஏன் இந்த முகத் திருப்பல்? உன் வீட்டில்தானே தங்கிப் படிக்கிறாள், விசாரித்து எழுது. பரீட்சை முடிந்ததும் அவள் கடைக்கு வருகிறாள். இதில் பேச்சுக்கு இடமில்லை.

அக்கா

•

ஜனவரி 15

அன்புள்ள அக்காவுக்கு,

நீ போனை எடுக்காததால் நானும் எழுதுகிறேன். கோபப்படாமல் முழுவதும் படி. பாதியில் மடித்து வைத்துவிடாதே, உன்னை எனக்குத் தெரியும்.

பொடிசு நன்றாக இருக்கிறாள். சாப்பிடுகிறாள். அதிகம் பேசுவதில்லை. இந்த வயதில் அது இயல்பு.

திங்கட்கிழமை வகுப்பில் விடுமுறை அனுபவத்தை ஒவ்வொருவராகச் சொன்னார்கள். மற்றவர்கள் "அப்பாவோட ஆபீஸ் போரடிச்சுது சார்" என்ற அளவில் முடித்துவிட்டார்கள். இவள் எழுந்து நின்றாள். "ஒரு கடைக்காரரோட பின்னறையில உட்கார்ந்திருந்தேன். நேரம் போனதே தெரியலை. வெளியே வந்தா அவர் கண்ணு கலங்கியிருந்துச்சு. அதைப் பார்த்துட்டு எங்கம்மா விலையைக் குறைச்சு முடிச்சிட்டாங்க" என்றாள். "அப்போ உனக்கு எப்படி இருந்தது?" என்று கேட்டேன். "அசிங்கமா இருந்துச்சு" என்று சொல்லி உட்கார்ந்துவிட்டாள்.

அக்கா, நீ அதை வியாபாரத் திறமை என்கிறாய். எனக்கு வேறொன்று தெரிகிறது. வாழ்க்கை முழுவதும் நடத்திய கடையை மூடுகிற ஒரு மனிதர், முன்பின் தெரியாத பெண்ணிடம் மனம்விட்டு அழுதிருக்கிறார். அந்தக் காது எல்லாருக்கும் வாய்க்காது. நான் வைத்த கேள்வித்தாளிலும் அவளுடைய விடைகள் அதைத்தான் காட்டுகின்றன. மனநல ஆலோசனை படிப்பதற்கென்றே பிறந்தவள். நல்ல கல்லூரி ஒன்று பார்த்து வைத்திருக்கிறேன். விண்ணப்பத்தில் உன் கையெழுத்து வேண்டும்.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். அவள் சொன்னதை ஒரு பக்கமாக எழுதி, மாதிரிப் பாடமாக அச்சடித்திருக்கிறேன். பெயர் போடவில்லை. மற்றப் பள்ளி ஆசிரியர்களுக்கும் பயிற்சியில் கொடுக்கப் போகிறேன். ஒரு பிள்ளை தன்னைக் கண்டுகொள்ளும் தருணம் இப்படித்தான் இருக்கும் என்று காட்ட இதைவிட நல்ல உதாரணம் எனக்குக் கிடைத்ததில்லை.

பிள்ளைகளைக் கேட்க வேண்டும் அக்கா. கேட்காமலே ஒருவனை ஒரு நாற்காலியில் உட்காரவைத்தால், அவன் உட்கார்ந்திருப்பான், அவ்வளவுதான். எனக்குத் தெரியும்.

தம்பி

•

ஜனவரி 22

தம்பிக்கு,

முழுவதும் படித்தேன். இரண்டு தடவை. இரண்டாவது தடவை கோபம் கூடிற்றே தவிரக் குறையவில்லை.

தன்னைக் கண்டுகொண்டவர்களைப் பற்றி எனக்கா பாடம் எடுக்கிறாய்? என் கிடங்கில் வந்து நில். இடதுபக்கச் சுவரோடு நிற்கிற கேக் அடுப்பு, வங்கி வேலையை விட்டுவிட்டு "எனக்குள்ள ஒரு சமையல்காரி இருக்கா" என்று கண்டுபிடித்த பெண்ணுடையது. அந்தப் பெண்ணுக்குள் ஒரு கணக்குப்பிள்ளை இல்லை, அதனால் அடுப்பு இங்கே. அந்த இரும்புக் கம்பிகளும் எடைக்கற்களும் உடற்பயிற்சிக் கூடம் வைத்தவனுடையவை. உடம்பைப் பார்த்தால் மலை, வாடகைக்கு முன்னால் எலி. மூலையில் சாய்த்து வைத்திருக்கும் புத்தக அலமாரி யாருடையது தெரியுமா? உன்னை மாதிரி ஒரு வாத்தியாருடையது. எல்லாருமே ஆசைப்பட்டதைத்தான் செய்தார்கள். நேரம் போனது தெரியாமல்தான் செய்தார்கள். காசு போனதும் தெரியவில்லை.

இவர்கள் யாருக்கும் நான் கெடுதல் செய்யவில்லை. கடைசி வாடகைக்கும் ஆட்கள் கூலிக்கும் என் பணம்தான் போயிருக்கிறது. மூடுகிற கடைக்கு ஆறுதல் சொல்ல ஆயிரம் பேர் வருவார்கள். ரொக்கத்தோடு வருகிறவள் நான் ஒருத்திதான்.

அசிங்கமாக இருந்ததாம். அந்த அசிங்கத்தில்தான் உன் கல்லூரிக் கட்டணம் போயிற்று. உன் முதல் சட்டை, உன் சைக்கிள், உன் கல்யாணத்துக்கு வந்தவர்களின் சாப்பாடு. அவள் அப்பா எங்களை விட்டுப் போன வருஷமும் உன் கல்யாணம் ஒருநாள் தள்ளிப்போகவில்லை. அப்போது யாரும் மூக்கைப் பிடிக்கவில்லை.

பிறர் அழுவதைக் கேட்பது ஒரு தொழிலா? சரி, தொழிலே என்று வைத்துக்கொள். அதற்கும் ஒரு அறை, இரண்டு நாற்காலி, ஒரு மேஜை வேண்டும். ஐந்து வருஷம் கழித்து அந்த இரண்டு நாற்காலியையும் நானே வந்து எடுத்துக்கொள்கிறேன்.

கையெழுத்துப் போட மாட்டேன்.

"கேட்காமலே ஒருவனை" என்று பூடகமாக எழுதியிருக்கிறாய். வியாபாரிக்குப் பூடகம் புரியாது. உன்னைக் கேட்டிருந்தால் என்ன சொல்லியிருப்பாய்? எழுது. வெட்கப்படாதே. பாட்டா, நாடகமா, விமானமா?

அக்கா

•

பிப்ரவரி 2

அக்காவுக்கு,

கேட்டுவிட்டாய், சொல்கிறேன். உன் கடை.

பள்ளிக்கூடம் முடிந்த கோடையில் உன்னோடு ஆறு வாரம் வந்தேன், நினைவிருக்கிறதா? முடிவெட்டும் கடையிலிருந்து சுழல் நாற்காலி தூக்கி வந்தோம். லாரியின் பின்னால் அந்த நாற்காலியிலேயே உட்கார்ந்து ஊர் முழுக்கச் சுற்றிக்கொண்டே வந்தேன். நீ முன்னாலிருந்து திட்டிக்கொண்டே வந்தாய். அதைவிட எனக்கு எதுவும் வேண்டியிருக்கவில்லை. உன் பக்கத்தில் ஒரு ஸ்டூல் போட்டு உட்கார வேண்டும், அவ்வளவுதான். நீ ஒருநாள் காலையில் ஆசிரியர் பயிற்சியில் இடம் வாங்கியாயிற்று என்று சொல்லி என் பெட்டியைக் கட்டிவிட்டாய். "இந்த அழுக்கெல்லாம் உனக்கு எதுக்கு?" என்றாய். நான் நன்றி சொன்னேன். அதைத்தான் நீ எதிர்பார்த்தாய்.

இனி நீ கேட்காததையும் சொல்ல வேண்டும்.

பொடிசு என் வீட்டில் இல்லை. பயப்படாதே, பத்திரமாக இருக்கிறாள், வகுப்புத் தோழி வீட்டில். அந்தத் தோழியின் அம்மா செவிலியர், நல்லவர்கள். போய் ஐந்து நாள் ஆகிறது. உடனே எழுதியிருக்க வேண்டும். எழுதவில்லை. வந்துவிடுவாள் என்று நினைத்தேன்.

அந்த மாதிரிப் பாடம்தான் காரணம். பெயர் போடவில்லை. ஆனால் வகுப்பில் எல்லாரும் கேட்ட கதைதானே. ஆசிரியர் அறை மேஜையிலிருந்து ஒரு தாள் பையன்களின் கைக்குப் போய்விட்டது. இப்போது நடைபாதையில் அவளைப் பார்த்தால், "ஏ ஆறுதல் கடை! எனக்கு ரெண்டு சொட்டு கண்ணீர் வருது, எவ்வளவு தள்ளுபடி?" என்று கேட்கிறார்கள்.

வீட்டுக்கு வந்து தாளை என் முன்னால் வைத்தாள். "மாமா, உங்களுக்கும் அம்மாவுக்கும் என்ன வித்தியாசம்?" என்று கேட்டாள். நான் "உன் கோபம் நியாயமானதுதான்..." என்று ஆரம்பித்தேன். பையை எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

தம்பி

•

பிப்ரவரி 7

தம்பிக்கு,

ஐந்து நாள். என் மகள் வேறொருவர் வீட்டில் படுத்துத் தூங்கிய ஐந்து நாளும் நீ "வந்துவிடுவாள்" என்று நினைத்துக்கொண்டிருந்தாய். எல்லாருக்கும் வழிகாட்டுகிறவன் நீ.

ஸ்டூல் கதையைப் படித்தேன். உனக்கு அழுகை வந்திருக்கும், எனக்கு வரவில்லை. அந்த ஆறு வாரத்தில் நீ என்ன செய்தாய் என்று எனக்கும் நினைவிருக்கிறது. முடிவெட்டும் கடைக்காரன் பெருமூச்சு விட்டதும், "பாவம்க்கா, கேக்கறதைக் குடுத்துடலாம்" என்று அவன் முன்னாலேயே சொன்னாய். உன்னைப் பக்கத்தில் வைத்துக்கொண்டிருந்தால் என் கடை அலமாரியை வேறொருத்தி வந்து அளந்திருப்பாள். நீ ஆசைப்பட்டாய் என்பதற்காக நான் முழுகியிருக்க வேண்டுமா? இன்றைக்குக் கேட்டாலும் உன் பெட்டியைக் கட்டி அனுப்பத்தான் செய்வேன்.

இது ஒருபக்கம் இருக்கட்டும். இன்னொரு சேதி. கண்ணாடிக் கடைச் சாமானில் ஒரு லென்ஸ் பெட்டி இருந்தது. பழைய மரப்பெட்டி. உள்ளே வெல்வெட் துணியில் வரிசை வரிசையாக வட்டக் கண்ணாடிகள், பவர் பார்க்க மாற்றி மாற்றிப் போடுவார்களே, அது. அதற்கு ஓர் ஆள் முன்பணமே கொடுத்துவிட்டான். நேற்று எடுக்க வந்தான். பெட்டியைக் காணோம். கிடங்கைத் தலைகீழாகப் புரட்டினேன். லோடு ஏற்றுகிறவரைப் பிடித்து உலுக்கினேன். "பாப்பா ஊருக்குப் போற அன்னைக்கு, துணியில சுத்தி, பைக்குள்ள வச்சுக்கிட்டுப் போச்சும்மா. உங்களுக்குத் தெரியும்னு நெனச்சேன்" என்கிறார்.

என் மகள் என் கடையிலிருந்து சொல்லாமல் எடுத்துப் போயிருக்கிறாள். எத்தனையோ பேர் என்னிடம் திருடியிருக்கிறார்கள், ஆணி முதல் ஏசி வரை. இது வேறு மாதிரி வலிக்கிறது.

சனிக்கிழமை வருகிறேன். அந்தச் செவிலியர் வீட்டு முகவரியை மட்டும் அனுப்பு. நீ வர வேண்டாம்.

அக்கா

•

பிப்ரவரி 16

அக்காவுக்கு,

வர வேண்டாம் என்றாய். வந்தேன். தெருமுனையில் நின்றிருந்தேன். நீ அந்த வீட்டிலிருந்து வெளியே வந்து, என்னைப் பார்த்தும் பார்க்காததுபோல் பேருந்து நிறுத்தத்துக்கு நடந்தாய். உன்னை அப்படித் தளர்ந்து நடந்து நான் பார்த்ததில்லை. கூப்பிடத் தைரியம் வரவில்லை.

உன்னிடம் என்ன சொன்னாள் என்று எனக்குத் தெரியாது. பிறகு நான் உள்ளே போனேன். லென்ஸ் பெட்டி மேஜைமேல் திறந்திருந்தது. அந்தத் தோழியின் மூக்கில் லென்ஸ் செருகுகிற இரும்புச் சட்டத்தை மாட்டிவிட்டு, "இதுல தெளிவா இருக்கா? இதுலயா? அவசரப்படாம சொல்லு" என்று ஒவ்வொரு கண்ணாடியாக மாற்றிக்கொண்டிருந்தாள். என்னைக் கண்டதும் நிறுத்தவில்லை. முடிக்கும்வரை நின்றுகொண்டிருந்தேன்.

அப்புறம் சொன்னாள். "அம்மா நான் என்ன சொன்னேன்னு கேட்டாங்க. நீங்க எனக்கு எப்படி இருந்துச்சுன்னு கேட்டீங்க. அந்த அறையில நான் என்ன பண்ணிக்கிட்டு இருந்தேன்னு ரெண்டு பேருமே கேக்கலை மாமா."

பெரியவருக்கு அவள் கண் சோதித்திருக்கிறாள். அவர் சொல்லிக்கொடுக்க, அவருடைய கண்ணிலேயே. ஊருக்கெல்லாம் பார்த்தவருக்கு வருஷக்கணக்காக யாரும் பார்த்ததில்லையாம். இமைக்காமல் பார்த்துப் பார்த்துக் கண் கலங்கியதாம். அழவேயில்லை அவர். சுவரிலிருந்த எழுத்து அட்டையின் கடைசி வரியை அவர் படித்ததும், "பொட்டி உனக்குத்தாம்மா" என்று சொல்லியிருக்கிறார்.

பத்தொன்பது வருஷமாகப் பிள்ளைகளிடம் கேள்வி கேட்பதே என் வேலை. அந்த ஒன்றைக் கேட்கவில்லை.

ஒரு விஷயம் கேட்கிறேன், திட்டாதே. வேலையை விட்டுவிடலாம் என்று நினைக்கிறேன். உன் கடையில் இப்போதாவது ஓர் இடம் இருக்குமா?

தம்பி

•

மார்ச் 8

தம்பிக்கு,

பொடிசோடு எல்லாம் பேசி முடித்தாயிற்று. உனக்கும் அதில் பங்கிருப்பதால் எழுதுகிறேன்.

அன்றைக்கு அவள் என்னிடம் சொன்னது இது. "நீ பேரம் பேசி ஜெயிச்சேன்னு நெனச்சுக்கிட்டு இருக்கம்மா. மொத்தத்தையும் நீ வாங்கினா பொட்டி எனக்கு வந்துடும்னுதான் அவர் நீ சொன்ன விலைக்கு ஒத்துக்கிட்டாரு. எனக்குக் குடுத்ததுல நீ லாபம் பார்த்துட்ட." நான் "எனக்கு எப்படித் தெரியும்?" என்றேன். "கேட்டிருந்தா தெரிஞ்சிருக்கும்" என்றாள். அவள் குரல் உயரவில்லை. நானும் வியாபாரி, எதிராளி குரல் உயராவிட்டால் விலை இறங்காது என்று எனக்குத் தெரியும்.

அவள் கண் பரிசோதனைப் படிப்புக்குப் போகிறாள். நல்லதா கெட்டதா என்று என்னை யாரும் கேட்கவில்லை. எதிர்க்கடை மெஷினே பவர் பார்த்துவிடுகிறதே என்றேன். "மெஷின் சொன்னது சரியான்னு யாராவது கேட்டுப் பாக்கணும்ல" என்றாள். பதில் சொல்லத் தெரியாமல் இல்லை. சொல்லவில்லை.

அவள் போட்ட நிபந்தனைகள்: கட்டணம் நான் கட்ட வேண்டும், மறுக்க மாட்டாளாம். தங்குவது கல்லூரி விடுதியில், உன் வீட்டிலும் இல்லை, என் வீட்டிலும் இல்லை. சேர்க்கிற அன்றைக்கு நாம் இரண்டு பேருமே வரக்கூடாது. செவிலியர் அம்மா கூடப் போவார். நீ அச்சடித்த அந்தத் தாள்களை ஒன்றுவிடாமல் திரும்ப வாங்கி, அவள் கண்ணெதிரே கிழிக்க வேண்டும். பயிற்சியில் கொடுத்ததையும் கேட்டு வாங்கு. வெட்கமாக இருந்தால் இருக்கட்டும். மூடுகிற எந்தக் கடைக்கும் அவள் என்னோடு வரமாட்டாள், வாசல்வரைக்கும்கூட. பெட்டி அவளுடையது. முன்பணம் கொடுத்தவனிடம் திருப்பிக் கொடுத்து, அவன் வாயில் வந்ததையெல்லாம் கேட்டுக்கொண்டேன்.

எல்லாவற்றுக்கும் சரி என்றேன். கடைசியாக இன்னொன்றும் போட்டாள், அதற்கு மட்டும் மூன்று வாரம் எடுத்துக்கொண்டேன்.

நீ கேட்டதற்குப் பதில்: இடமில்லை. நாற்பது வயதுக்கு மேல் தன்னைக் கண்டுபிடிக்கிறவனுடைய அலமாரியைத்தான் நான் வாங்குவது வழக்கம். உன் அலமாரியை வாங்க எனக்கு மனசில்லை. வாத்தியாராகவே இரு. இனிமேலாவது பிள்ளைகள் கையைப் பார்த்துக் கேள்வி கேள்.

நேற்று அந்தப் பெரியவர் வீட்டுக்குப் போனேன். மாடிப்படிக்குக் கீழே ஒரே அறை. முடிந்துபோன வியாபாரத்துக்கு இரண்டாம் தடவை பணம் எடுத்துக்கொண்டு போனது என் பிழைப்பில் இதுதான் முதல் தடவை. கதவைத் திறந்ததும் என் முதுகுக்குப் பின்னால் எட்டிப் பார்த்தார்.

"பொண்ணு வரலையாம்மா?"

"வரலை. நான் போற இடத்துக்கு அவ வர்றதில்லை."

அவளுடைய அந்தக் கடைசி நிபந்தனைப்படி, நான் குறைத்த பாக்கியை மேஜைமேல் வைத்தேன். நோட்டுகளை அவசரமில்லாமல் எண்ணினார். வேண்டாம் என்று சொல்வார் என்று ஒரு மூலையில் நினைத்திருந்தேன். சொல்லவில்லை. நன்றியும் சொல்லவில்லை. ரசீது வேண்டுமா என்று மட்டும் கேட்டார். வேண்டும் என்றேன், பொடிசுக்குக் காட்ட வேண்டும். என் வார்த்தையை மட்டும் நம்பி அவள் இனி எதையும் எடுத்துக்கொள்ள மாட்டாள்.

ரசீதை இதோடு வைத்திருக்கிறேன். அவளிடம் நீயே கொடு, என் கையால் கொடுத்தால் வாங்குகிறாளோ என்னவோ. முப்பத்தெட்டு முன்பே கொடுத்தது, இருபத்திரண்டு நேற்றுக் கொடுத்தது. ஆக, அந்தக் கடையை வாங்கிய விலை அறுபதாயிரம். முதல்நாள் அவர் கேட்ட அதே விலை.

அக்கா